தேனீ பசித்திருக்கும் மாதங்கள்



காஞ்சிபுரம் என்றதும் எவர் நினைவுக்கும் முதலில் வருவது பட்டுச் சேலைதான். ஆனால் அந்தப் பட்டு காஞ்சியில் விளைவதில்லை. பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வரும் பட்டிழையும் சூரத்திலிருந்து வரும் சரிகையும் காஞ்சித் தறியில் ஒன்றுகூடிச் சேலையாகின்றன. அந்த இழைக்கு மூலம் எது? மல்பெரி இலையைத் தின்று தன்னைச் சுற்றிக் கூடு கட்டிக்கொள்ளும் ஒரு சிறு புழு! நூல் முறுக்குபவர், சாயம் தோய்ப்பவர், பாவு ஓட்டுபவர், நெய்பவர், விற்பவர் என்று ஒரு நகரமே அந்தப் புழுவின் உழைப்பில் உலை வைக்கிறது.

ஆகவேதான் பட்டுப்புழு வளர்ப்போர் அதைக் கண்ணும் கருத்துமாகக் காக்கின்றனர். மல்பெரித் தோட்டத்தின் அருகே புகையிலை பயிரிடுவதையும் அவர்கள் விரும்புவதில்லை. புகையிலையின் நச்சு இலையில் படிந்தால் புழு மடியும். புழு மடிந்தால் பிழைப்பு மடியும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இன்னொரு பூச்சி இருக்கிறது. அது ஒரு நகரத்துக்கு அல்ல, உலகத்துக்கே உணவு வழங்க உதவுகிறது. ஆயினும் அதைக் காக்க வேண்டும் என்னும் எண்ணம் நமக்குப் பெரும்பாலும் எழுவதில்லை. அதுதான் தேனீ.

சோற்றுக்குப் பக்கத்தில் இருப்பவை

காஞ்சியிலிருந்து உத்திரமேரூர் செல்லும் வழியில், சேயாற்றங்கரையில் அமைந்த ஊர் மாகறல். இந்தப் பகுதி நெல்லுக்கும் நிலக்கடலைக்கும் கரும்புக்கும் பழகிய மண். நெல் தன் மகரந்தத்தைக் கொண்டே கதிர் பிடித்துவிடும். நிலக்கடலையும் ஏறக்குறைய அப்படித்தான். கரும்பையோ கரணை வைத்து நடுகிறோம். இம்மூன்றுக்கும் தேனீயின் தயவு வேண்டியதில்லை. நம் விவசாயக் குடும்பங்களிலேயே தேனீயைப் பற்றிய எண்ணம் அற்றுப்போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆனால் தட்டில் சோறு மட்டுமா இருக்கிறது? அதன் பக்கத்தில் இருப்பவற்றை எண்ணிப் பாருங்கள். பரங்கிக்கொடியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. ஆண் பூவின் மகரந்தத்தைக் காலையில் ஒரு தேனீ சுமந்து சென்று பெண் பூவில் சேர்த்தால்தான் பிஞ்சு நிற்கும். இல்லையேல் மஞ்சளாகி உதிரும். பாகலும் வெள்ளரியும் இப்படிப்பட்டவையே. சுரைப்பூவும் புடலம்பூவும் மாலை மயங்கும் வேளையில் வெண்மையாக மலர்கின்றன. இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகளுக்காகவே அவை காத்திருக்கின்றன. கத்தரிப்பூவும் தக்காளிப்பூவும் தம் மகரந்தத்தைச் சிறு துளையுள்ள பைகளில் அடைத்து வைத்துள்ளன. சில வகை வண்டுத் தேனீக்கள் அப்பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச் செய்யும்போது, உப்புக்குப்பியைக் குலுக்கினாற்போல் அது கொட்டுகிறது. முருங்கைப்பூவைத் தேடி வரும் கரிய பெரிய வண்டைப் பார்த்து நம் பிள்ளைகள் அஞ்சி ஓடுகிறார்கள். நம் வீட்டு முருங்கைக்காய்க்கு அதுவே முதற்காரணம் என்பதை அவர்களுக்கு யார் சொல்வது?

உலகின் முக்கிய உணவுப் பயிர் வகைகளுள் நூற்றுக்கு எழுபத்தைந்துக்கு மேற்பட்டவை, ஓரளவேனும் பூச்சி, பறவை, வௌவால் முதலிய உயிரினங்கள் செய்யும் மகரந்தச் சேர்க்கையைச் சார்ந்தவை என்று 2016ஆம் ஆண்டில் வெளியான பன்னாட்டு அறிஞர் குழுவின் அறிக்கை எடுத்துரைத்தது. உலகில் அறியப்பட்ட தேனீ இனங்கள் ஏறத்தாழ 20,000. அவற்றுள் தேன் சேர்த்துக் கூட்டமாக வாழ்பவை மிகச் சிலவே. மற்றவை மண்ணிலும் மரத்துளையிலும் தனித்து வாழ்ந்து, கூலி கேளாமல் நம் தோட்டங்களில் வேலை செய்துகொண்டிருக்கின்றன.

அந்த வேலையாட்கள் வராமற்போனால் என்னவாகும்? சீனாவின் சிச்சுவான் மாநிலத்தில் ஹன்யுவான் என்றொரு வட்டாரம் பேரிக்காய்க்குப் பெயர்பெற்றது. அங்கே பூச்சிகொல்லி மிகுந்து தேனீ அருகியதால், மனிதர்களே மரத்தில் ஏறி, குச்சி முனையில் கட்டிய கோழி இறகை மகரந்தத்தில் தோய்த்து, ஒவ்வொரு பூவாகத் தொட்டு வரும் நிலை ஏற்பட்டது. தேனீ இலவசமாகச் செய்த வேலைக்கு மனிதன் கூலி கொடுக்க வேண்டியதாயிற்று!

திருமறை சொல்லும் மூன்று இல்லங்கள்

திருக்குர்ஆனின் பதினாறாம் அத்தியாயத்தின் பெயரே அந்நஹ்ல், அதாவது தேனீ. 128 வசனங்கள் கொண்ட அந்த அத்தியாயத்தை மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும்போதெல்லாம் 68, 69ஆம் வசனங்களில் நின்று சிந்திக்க வேண்டியிருக்கிறது. அவ்விரு வசனங்களிலிருந்து மூன்று செய்திகளை இங்கே நினைவுகூர்வது பொருந்தும்.

முதலாவது, தேனீயின் இருப்பிடம். மலைகள், மரங்கள், மனிதர் எழுப்பும் கட்டுமானங்கள் ஆகிய மூன்றும் அங்கே கூறப்பட்டுள்ளன. நம் நாட்டில் இம்மூன்றையும் கண்ணாரக் காணலாம். மலைத்தேனீ பாறை முகட்டிலும் உயர்ந்த மரத்திலும் ஒற்றை அடை கட்டித் தொங்கவிடும். இப்போது நீர்த்தேக்கத் தொட்டியிலும் மாடிக் கட்டடத்திலும் கட்டுகிறது. அடுக்குத் தேனீ மரப்பொந்திலும் சுவர்ப் பொந்திலும் அடையடையாகக் கட்டும். கொம்புத்தேனீ சிறு கிளையிலும் வேலிப்புதரிலும் தங்கும். கொடுக்கில்லாத கொசுத்தேனீ வீட்டுச் சுவரின் விரிசலுக்குள் குடியிருக்கும்.

இரண்டாவது, அதன் உணவு. எல்லா வகை விளைச்சல்களிலிருந்தும் உண்ணுமாறு தேனீக்கு அறிவிக்கப்பட்டுள்ளது. ‘எல்லா வகை’ என்பதைக் கவனியுங்கள். ஒரே மரம், ஒரே பயிர், ஒரே பருவம் என்பது தேனீயின் வாழ்வுக்கு ஏற்றதன்று. இக்கட்டுரையின் மையக் கருத்தும் இதுவே.

மூன்றாவதை நம் சகோதரிகள் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். அவ்வசனங்களில் தேனீயை நோக்கிய ஏவல் வினைகள் அரபியில் பெண்பாலில் அமைந்துள்ளன. பூவுக்குப் பூ அலைந்து தேன் சேர்க்கும் வேலைக்காரத் தேனீக்கள் அனைத்தும் பெண்களே என்பதை இன்று எந்தப் பள்ளிப் பாடநூலிலும் படிக்கலாம்.

மார்த்தாண்டம் கற்பிக்கும் பாடம்

‘எல்லா வகை’ என்பதன் அருமையை அறியத் தமிழகத்தின் தென்கோடிக்குச் செல்ல வேண்டும். தமிழ்நாட்டில் தேனீ வளர்ப்பு என்றாலே கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம்தான். 1910களில் திருச்சியில் பணியாற்றிய நியூட்டன் பாதிரியார், நம் நாட்டு அடுக்குத் தேனீயின் உடலளவுக்கு ஏற்ற சிறிய மரப்பெட்டி ஒன்றை வடிவமைத்தார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. ஊரக மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் என்பவர், ஏழைக் குடும்பங்களின் துணைத் தொழிலாகத் தேனீ வளர்ப்பைப் பரப்பினார். சிறு நிலமுடையோரும் நிலமே இல்லாதோரும் பெட்டி வைத்துப் பிழைத்தனர்.

அப்பகுதியின் தேனில் பெரும்பகுதி ரப்பர் தோட்டங்களிலிருந்து கிடைக்கிறது. வியப்பு என்னவென்றால், அது பூவின் தேனன்று. இலையுதிர்ந்து துளிர்க்கும் தை, மாசி மாதங்களை ஒட்டி, ரப்பரின் இளந்தளிர்க் காம்பில் உள்ள சுரப்பிகள் இனிய நீரைச் சுரக்கின்றன. தேனீக்கள் அதைத் திரட்டிப் பெட்டிகளை நிரப்புகின்றன. ஆனால் அதில் மகரந்தம் இல்லை. தேன் தேனீக்கு வலிமை தருவது. மகரந்தமோ குஞ்சுகளை வளர்ப்பது. தேன் வெள்ளமாய்ப் பெருகும் அந்த நாட்களிலும் குஞ்சுகளுக்கான உணவை வேறு செடிகளில்தான் தேட வேண்டும். பருவம் முடிந்து மழை தொடங்கியதும் தேன்வரத்தும் நின்றுவிடும். அப்போது வளர்ப்போர் சர்க்கரைப் பாகு வைத்துத் தம் கூட்டங்களைக் காப்பாற்றுகின்றனர்.

1991, 92ஆம் ஆண்டுகளில் தாய்லாந்து சாக்புரூட் என்னும் வைரஸ் நோய் தென்னிந்தியாவில் பரவியது. புழுப் பருவத்திலேயே குஞ்சுகள் மடிந்தன. வளர்ப்புப் பெட்டிகளில் மிகப் பெரும்பாலானவை வெறுமையாயின. பெட்டியை நம்பியிருந்த குடும்பங்கள் வேறு கூலிக்குச் சென்றன. பின்னர், நோயைத் தாங்கி எஞ்சிய கூட்டங்களிலிருந்து தொழில் மெல்ல மெல்லத் தலைதூக்கியது.

இதில் நமக்கென்ன பாடம்? மூன்று மாதம் விருந்தும் மற்ற மாதங்களில் பட்டினியுமாக இருந்தால் எந்த உயிரும் நலிவுறும். பெட்டியில் வாழும் தேனீக்காவது சர்க்கரைப் பாகு வைக்க ஒருவர் இருக்கிறார். நம் ஊர் மரப்பொந்தில் வாழும் தேனீக்கு யார் வைப்பது? ஆகவே மரம் நடும்போது, நிழல் தருமா, காய் தருமா என்பதோடு, எந்த மாதத்தில் பூக்கும் என்றும் கேட்டு நட வேண்டும்.

எந்த மாதத்துக்கு எந்த மரம்?

காஞ்சிச் சமவெளியில் தை பிறந்தால் மா பூக்கிறது. முருங்கையும் வெண்மை போர்த்துகிறது. மாசி, பங்குனியில் வேம்பும் இலுப்பையும் நாவலும். சித்திரை வெயிலில் புங்கமரத்தடியில் நின்றால் தலைக்கு மேல் ஓயாத ரீங்காரம் கேட்கும். வைகாசி, ஆனியில் புளியம்பூ. இதுவரை தேனீக்குக் குறையில்லை.

குறை அதற்குப் பின்னர்தான். ஆடி முதல் மார்கழி வரை பெருமரங்களில் பூக்கும் மரங்கள் குறைவு. மழையும் அடைத்துப் பெய்யும். தேனீ பசித்திருக்கும் மாதங்கள் இவையே. இந்த இடைவெளியை நிரப்பத் தக்கவை நம் காலடியிலேயே கிடக்கின்றன. ஆடிப்பட்டத்தில் விதைக்கும் பரங்கி, பீர்க்கு, சூரியகாந்தி. மழை ஈரத்தில் தானே முளைக்கும் தும்பை. ஆண்டின் பல மாதங்களில் மஞ்சள் மலரும் ஆவாரை. பனி தொடங்கியதும் பந்தலில் பூக்கும் அவரை. களை என்று தும்பையை அடியோடு பிடுங்காமல் வேலியோரத்திலாவது விட்டுவைப்பது பெரிய உதவி. தென்னையோ மாதந்தோறும் பாளை வெடித்து, ஆண்டு முழுதும் தேனீக்குச் சோறு போடுகிறது.

நம் குடும்பங்களோடு ஒட்டி உறவாடும் செடிகள் சிலவும் இவ்வரிசையில் உண்டு. பெருநாளுக்கும் திருமணத்துக்கும் இலை பறிக்கும் மருதாணியைச் சற்றே வளரவிட்டால் நறுமணப் பூங்கொத்து வைக்கும், தேனீ மொய்க்கும். சர்பத்தில் ஊறவைக்கும் சப்ஜா விதையைத் தரும் திருநீற்றுப்பச்சிலை, தொட்டியிலேயே வளர்ந்து பல மாதம் பூக்கும். புதினா, கொத்தமல்லி ஆகியவற்றில் ஒன்றிரண்டு செடிகளைப் பறிக்காமல் பூக்க விடுங்கள். எலுமிச்சையும் மாதுளையும் சிறு முற்றத்துக்கும் ஏற்றவை. மாகறல் கோயிலின் தலமரம் எலுமிச்சை. காஞ்சி ஏகாம்பரநாதர் கோயிலின் தலமரம் மா. ஒரு மரத்தை ஊரே காத்துப் போற்றும் பழக்கம் இப்பகுதி மண்ணில் ஊறியது.

மல்லிகை வைத்திருக்கிறோமே என்று சகோதரிகள் கேட்கலாம். மல்லிகையை மொட்டாகவே பறித்துவிடுகிறோம். தேனீக்கு அதில் பங்கில்லை. அழகுக்காக இதழ் மிகுத்து உருவாக்கிய அடுக்குப் பூக்களிலும் மகரந்தம் குறைவு. பார்வைக்குப் பசுமையாக இருந்து பயன் தராத மரங்களும் உண்டு. விரைவாக வளர்கிறதென்று எங்கும் நட்ட கொனோகார்பஸ் என்னும் அயல்நாட்டு மரத்தை நடுவதற்குத் தமிழக அரசு 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தடை விதித்தது. ஆற்றங்கரையில் வேலிகாத்தானை அகற்றுவோரும் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். அதன் பூவிலும் தேனீ உண்டு பழகியிருக்கிறது. வெட்டிய இடத்தை வெறுமையாக விடாமல் புங்கமும் வேம்பும் நட்டால்தான் அந்த வேலை முழுமைபெறும்.

இலந்தையும் மையவாடியும்

வளைகுடா நாட்டிலிருந்து வரும் உறவினர் சித்ர் தேன் கொண்டுவந்து கொடுத்தால் எவ்வளவு பத்திரமாக வைத்துக்கொள்கிறோம்! ஏமன் நாட்டின் ஹளரமவ்த் பகுதியில் கிடைக்கும் அந்த விலையுயர்ந்த தேனின் மூலம் சித்ர் மரம். அது வேறெதுவுமன்று, நம் இலந்தையின் நெருங்கிய உறவு. மய்யித்தைக் குளிப்பாட்டும்போது நாம் தேடி அலைவதும் இலந்தை இலையைத்தான். மழைக்காலத்தை ஒட்டிச் சிறுசிறு பூக்களாகப் பூத்து, தேனீ பசித்திருக்கும் மாதங்களில் உணவளிப்பதும் அதே மரம்.

அப்படியிருக்க, எத்தனை மையவாடிகளில் இலந்தை நிற்கிறது? மையவாடியைப் போல் உழவும் கட்டடமும் படாத நிலம் ஊருக்குள் வேறெங்கே இருக்கிறது? அதன் சுற்றுச்சுவர் ஓரமாக இலந்தையும் புங்கமும் நாவலும் நட்டால், அடக்கத்துக்கு வருவோருக்கு நிழல், பறவைக்குக் கனி, தேனீக்குப் பூ. ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ கால்நடையோ உண்டால், அது நட்டவருக்குத் தர்மமாக எழுதப்படுகிறது என்னும் நபிமொழியின் கருத்தை நாம் அனைவரும் அறிவோம். மறைந்த பெற்றோரின் பெயரால் மின்விசிறியும் கடிகாரமும் பள்ளிவாசலுக்கு வாங்கிக் கொடுக்கிறோம். ஒரு மரத்தையும் கொடுக்கலாமே!

தண்ணீருக்கு எங்கே போவது என்று கவலைப்பட வேண்டாம். ஐந்து வேளையும் ஒளூ செய்த நீர் சாக்கடைக்குத்தான் செல்கிறது. அதை ஒரு குழாய் மூலம் மரத்தடிக்குத் திருப்புவது கொத்தனாருக்கு ஒருநாள் வேலை. புரட்டாசி, ஐப்பசி மழையோடு கன்றை நட்டு, முதல் இரண்டு கோடைகளுக்கு நீர் காட்டினால், பிறகு அது தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டுச் செவில் நகரில் வாழ்ந்த இப்னுல் அவ்வாம் என்னும் அறிஞர், வேளாண்மைக்கென்றே எழுதிய பெருநூலில் மரம் வளர்ப்போடு தேனீ வளர்ப்பையும் சேர்த்தே விளக்கினார். நம் முன்னோர் இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை.

நஞ்சும் நெருப்பும்

பூ வைத்து அழைத்துவிட்டு, வந்த விருந்தாளிக்கு நஞ்சு வைப்பது முறையாகுமா? பூத்திருக்கும் பயிரில் காலை வேளையில் மருந்து தெளிப்பது அத்தகையதுதான். இமிடாகுளோபிரிட் முதலிய மூன்று பூச்சிகொல்லிகளைத் திறந்த வெளியில் பயன்படுத்துவதற்கு ஐரோப்பிய ஒன்றியம் 2018ஆம் ஆண்டில் தடை விதித்தது. அவற்றால் தேனீக்களுக்கு விளையும் கேடே அதற்குக் காரணம். நம் வீட்டுத் தோட்டத்துக்கு வேப்பெண்ணெய்க் கரைசலே பெரும்பாலும் போதும். அதையும் பூ உள்ள நேரம் தவிர்த்து, தேனீ கூடு திரும்பிய மாலையில் தெளிக்க வேண்டும்.

விருந்து முடிந்தபின் சர்பத், தேநீர்க் குவளைகளைத் திறந்தபடி எறிவதும் ஒரு தீங்கு. அடியில் எஞ்சிய இனிப்பைத் தேடி வரும் தேனீக்கள் அதிலேயே மூழ்கி மடிகின்றன. தேநீர்க் கடைகளில் எறியப்படும் காகிதக் குவளைகளைக் குறித்துத் தமிழக ஆய்வாளர்கள் 2011ஆம் ஆண்டில் ‘கரன்ட் சயன்ஸ்’ இதழில் எழுதி எச்சரித்தனர். வலீமாவிலும் நோன்புக் காலத்திலும் குப்பைத் தொட்டிக்கு ஒரு மூடி போடுவது எளிதான காரியம். வெயில் காலத்தில் தட்டில் கூழாங்கல் பரப்பிச் சிறிது நீர் வையுங்கள். முற்றம் முழுவதையும் சிமென்டால் மூடாமல் ஒரு மூலையை மண்ணாகவே விடுங்கள். மண்ணில் குடியிருக்கும் தேனீக்களுக்கு அதுவே வீடு.

இனி நெருப்பு. பள்ளிவாசல் மினாராவிலோ மாடி விளிம்பிலோ மலைத்தேனீ அடை கட்டினால், இரவில் பந்தம் கொளுத்தி எரிப்பது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. கொல்ல வேண்டாமென்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்த நான்கு உயிரினங்களில் தேனீயும் ஒன்று என்று அபூதாவூது நபிமொழித் தொகுப்பில் பதிவாகியுள்ளது. மற்றவை எறும்பு, ஹுத்ஹுத், ஸுரத் என்னும் பறவை. இதை அறிந்தவர்களே இறையில்லத்தின் மேல் தேனீயை எரிக்கலாமா? மலைத்தேனீ பருவத்துக்குப் பருவம் இடம்பெயரும் இயல்புடையது. உயரத்தில், எவருக்கும் இடையூறின்றி இருந்தால், சில மாதங்கள் பொறுத்தாலே போதும். அது தானே சென்றுவிடும். பிள்ளைகள் நடமாடும் இடமாக இருந்து ஆபத்து உண்டென்றால், அனுபவமுள்ளவரை அழைத்துக் கொல்லாமல் அகற்றச் சொல்லுங்கள். கல்லெறிவதும் புகைமூட்டுவதும் கூடாது. பல தேனீக்கள் கொட்டிவிட்டால், அல்லது ஒன்று கொட்டியே மூச்சுத் திணறினால், சற்றும் தாமதியாமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். சுவர்ப் பொந்தில் அடுக்குத் தேனீ இருந்தால், தேனீ வளர்ப்பவர் அதைப் பெட்டிக்கு மாற்றி எடுத்துச் செல்வார். கற்றுக்கொள்ள விரும்பும் இளைஞருக்குக் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பயிற்சியும் உண்டு.

நம் மஹல்லாவுக்கும் ஒரு தோட்ட வாரியம்

மாகறல் வழியாகச் செல்லும் சாலையின் மறுமுனை உத்திரமேரூர். அங்குள்ள முதலாம் பராந்தகச் சோழன் காலக் கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலுக்காக உலகப் புகழ் பெற்றவை. அவை 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. தேர்தலைப் பற்றி அனைவரும் பேசுகிறோம். எதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைப் பேச மறந்தோம். ஏரியைக் காக்க ஆறு பேர் கொண்ட ஏரி வாரியம். தோட்டங்களைக் கவனிக்கப் பன்னிரண்டு பேர் கொண்ட தோட்ட வாரியம்! ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இந்த மண்ணில் தோட்டம் ஊர்ப்பொறுப்பாக இருந்திருக்கிறது.

இன்று ஒவ்வொரு ஜமாஅத்தும் அத்தகைய சிறு குழு ஒன்றை அமைக்கலாகாதா? பன்னிரண்டு பேர் வேண்டாம், மூவர் போதும். ஒருவர் பள்ளிவாசல் வளாகத்தையும், மற்றவர் மையவாடியையும், இன்னொருவர் மதரஸாப் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளட்டும். பன்னிரண்டு மாதங்களையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு மாதத்துக்கும் எதிரே நம் மஹல்லாவில் அப்போது பூக்கும் மரத்தையும் செடியையும் குறிக்கட்டும். எந்த மாதத்துக்கு எதிரே ஒன்றுமே இல்லையோ, அந்த மாதத்துக்குரிய கன்றை முதலில் நடட்டும். அடுக்குத் தேனீ கூட்டிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் சுற்றுக்குள்ளேயே பெரும்பாலும் இரை தேடும். ஆதலால் இது அரசாங்கம் செய்யும்வரை காத்திருக்கும் வேலையன்று; ஒரு மஹல்லாவின் எல்லைக்குள் முடிகிற வேலை.

உலக முடிவு நேரும் வேளையிலும் கையில் ஒரு கன்று இருந்தால், இயலுமாயின் அதை நட்டுவிடுமாறு நபிமொழி நமக்கு வழிகாட்டுகிறது. நமக்கோ இன்னும் மழைக்காலம் வருகிறது. நடுவதற்கு நிலமும் இருக்கிறது. நாம் நடும் மரங்களை எல்லா உயிர்களுக்கும் பயனுள்ளவையாக வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.